இடிக்குப் பயந்து பிடுங்கிய ஒயர்

என் சிறுவயதில் எங்கள் வீட்டில் கரண்ட் கிடையாது. ஆனாலும் வானம் இருட்டி இடி இடித்தால், கடப்பாரை, மண்வெட்டி, அரிவாள் என்று இரும்பாக இருப்பதையெல்லாம் வாசலில் தூக்கிப் போடச் சொல்லுவாள் அம்மா. இடி அதன்மேல் இறங்கிவிட்டு வீட்டை விட்டுவிடுமாம். அந்த வேலை என்னுடையது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோன நான் ஒழுங்காகக் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான் என்று அண்ணன் இன்றைக்கும் கேலி செய்வார். கரண்ட் வந்தபிறகு இரும்பைப் போடுவது நின்று, பிளக்கைப் பிடுங்குவது வந்தது. கை மட்டும் அதே கைதான்.

வீட்டுக்காரர் தவறிப்போனபின் ஒலக்கூர் பக்கம் அண்ணன் வீட்டோடு வந்துவிட்டேன். அண்ணன் மகளை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். அவளிடம் பள்ளியில் கொடுத்த சின்ன லேப்டாப் ஒன்று இருக்கிறது. பேட்டரி செத்துப்போய், ஒயர் மாட்டியிருந்தால்தான் அதற்கு உயிர். போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை, அது ரொம்ப மெதுவாகப் போகிறது என்று புது ஓ.எஸ். ஏற்றத் தொடங்கினாள். அது உள்ளே இருந்தால்தான் லேப்டாப் ஓடுமாம். “அது பாட்டுக்கு ஏறும் அத்தே” என்று சொல்லிவிட்டுத் தோழி வீட்டுக்குப் போனாள்.

அரைமணி நேரத்தில் இடி. அண்ணனும் அண்ணியும் கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கப் போயிருந்தார்கள். டிவி, பேன், லேப்டாப் என்று வரிசையாகப் பிடுங்கினேன். மழை விட்டதும் மறுபடி மாட்டினேன். அவள் வந்து பார்த்தபோது கறுப்புத் திரையில் நாலு வரி வெள்ளை எழுத்து. எத்தனை தரம் அணைத்துப் போட்டாலும் அதே நாலு வரி. கல்லூரிக்குத் திங்கட்கிழமை கொடுக்கவேண்டிய இரண்டு மாத எழுத்துவேலை அதற்குள் இருந்தது.

மறுநாள் திண்டிவனம் போனோம். கடைக்காரர் கேட்டார்: “ஏறிக்கினு இருக்கும்போது கரண்ட் போச்சா? யார்னா ஒயரப் புடுங்குனாங்களா?”

“இல்லண்ணா. எங்க தெருவுல கரண்ட்டே போவல” என்றாள் அவள்.

நான் கூடையின் காதைத் திருகிக்கொண்டிருந்தேன். அண்ணன் வீட்டில் ஒரு டம்ளரை எடுத்தாலும் யோசித்து எடுக்கிறவள் நான். ஒயரைப் பிடுங்கியதை அவளிடமும் சொல்லியிருக்கவில்லை.

“அப்ப டிஸ்க்தான் பேஜாரு. விழுப்புரம் எடுத்துக்கினு போங்க.”

பஸ்ஸில் உட்கார இடமில்லை. நின்றுகொண்டே போனோம். காலையிலிருந்து அவள் ஒரு டீ கூடக் குடிக்கவில்லை. விழுப்புரத்துக் கடைக்காரர் இன்னும் சுருக்கமாகச் சொன்னார். “டிஸ்க்க மாத்திடலாம். பழசுல இருக்கறத மறந்துடு பாப்பா.”

“ரெண்டு மாசம் எழுதினது சார்” என்றாள். அவர் திருப்புளியை எடுத்தார்.

“கழட்டாதீங்க தம்பி” என்றேன். “இடி இடிச்சிது. நான்தான் ஒயரப் புடுங்கிட்டேன்.”

அவர் என்னைப் பார்த்தார். “இன்னா ஆயா! டாக்டராண்ட வந்துட்டு எங்க வலிக்குதுன்னு சொல்லாத குந்திக்கினு இருந்தா, அவரு காலத்தான் வெட்டுவாரு. டிஸ்க் நல்லாதான் இருக்கும்போல, இரு பாக்கலாம்.”

ஒரு பென்டிரைவை மாட்டி லேப்டாப்பை அதிலிருந்து எழுப்பினார். உள்ளே அவள் எழுதியது அப்படியே இருந்தது. அதை வேறு இடத்தில் எடுத்துவைத்துவிட்டு, ஓ.எஸ்.ஸை முதலிலிருந்து ஏற்றினார். நாலு மணி ஆகிவிட்டது. “இனிமே இடி இடிச்சா கையக் கட்டிக்கினு குந்து ஆயா” என்றார். கடையில் எல்லோரும் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

திரும்பும்போது உட்கார இடம் கிடைத்தது. அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். கோபம் என்று நினைத்தேன். கூட்டேரிப்பட்டு தாண்டியதும் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது.

“நீ தூக்கி வளத்த புள்ளதான நான்? என்னாண்ட சொல்றதுக்கு இன்னாத்துக்கு அத்தே பயந்த?”

அவள் எதைக் கேட்டாள் என்று விளங்க எனக்கு வெகுநாள் ஆயிற்று. அன்றைக்கு நான் இவ்வளவுதான் சொன்னேன்:

“அதான் லேப்டாப்பு சரியாயிடுச்சே பாப்பா. இன்னும் இன்னாத்துக்கு அழுவுற?”