கம்ப்யூட்டர் பூட்டிக்கொண்ட அன்று

காரைக்குடியில் ஒரு சிறிய மருத்துவமனையில் வரவேற்பாளராக இருக்கிறேன். நோயாளிகளின் விவரங்கள் எல்லாம் கம்ப்யூட்டரில்தான். ஒருமுறை வாங்கினால் போதும் என்று அந்த சாப்ட்வேரை விற்ற கம்பெனி, திடீரென்று வருடாவருடம் லைசென்ஸ் பணம் கட்டச் சொன்னது. வட்டாரத்து டாக்டர்கள் கொதித்துப்போய், ஒருவரும் கட்டுவதில்லை என்று கூடி முடிவெடுத்தார்கள். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

பணம் கட்டக் கொடுத்திருந்த கெடு முடிந்த மறுநாள் கம்ப்யூட்டரில் எதுவும் திறக்கவில்லை. அந்த நேரம் பார்த்து, காலில் சீழ் வைத்துக் காய்ச்சலில் பிதற்றிக்கொண்டிருந்த ஒருவரைக் கொத்தமங்கலத்திலிருந்து கூட்டி வந்தார்கள். டாக்டர் உள்ளே ஊசி மருந்தை எடுத்துக்கொண்டிருந்தார்.

நோயாளியின் மனைவி என்னிடம், "போன தடவ இங்க ஊசி போட்டப்ப இவுகளுக்கு மூச்சுத் திணறிப்போச்சு. எந்த ஊசின்னு தெரியலையே! நீங்கதான கம்ப்யூட்டர்ல ஏத்துனீக?" என்றார்.

எனக்கு நினைவில்லை. உள்ளே ஓடி, "சார், போட்றாதீக!" என்று கத்தினேன். கம்பெனிக்குப் போன் செய்தால், பணம் வந்தால்தான் திறக்கும் என்றார்கள். டாக்டர் அவர்களைத் திட்டிக்கொண்டே வேறு மருந்து கொடுத்தார். நோயாளி தேறி வீட்டுக்குப் போகும்வரை எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

எல்லா ஊர்களிலும் எதிர்ப்பு வலுக்கவே, கம்பெனி இறங்கிவந்து பழையபடி திறந்துவிட்டது. முதல் வேலையாக அந்த நோயாளியின் பெயரைத் தேடினேன். 'பெனிசிலின் ஆகாது' என்று நானே அடித்திருந்தேன். அன்று டாக்டர் கையில் எடுத்ததும் அதுதான்.

இப்போதெல்லாம் மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களை, அதன் பெயரை வாய்விட்டுச் சொல்லவைக்காமல் நான் வீட்டுக்கு அனுப்புவதில்லை. அந்தம்மா கடைத்தெருவில் என்னைப் பார்த்தால்கூட, கேட்காமலே "பெனிசிலின்" என்கிறார்.