பதினான்கு தகரங்கள்

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் குடியிருப்பவர்கள் வீடு மாறும்போது கூரையையும் கொண்டுபோவார்கள். சுவர் தோட்டத்துக்குச் சொந்தம். பழைய கூரை இற்றுப் போனபின் வேலைக் காசில் ஒவ்வொன்றாக வாங்கிப் போட்ட தகரம் மட்டும் குடும்பத்துக்குச் சொந்தம். புசல்லாவைக்கு மேலே என் அக்கா இருந்த லயத்து அறையான காம்பிராவில் அப்படிப் பதினான்கு தகரங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் பத்தடி நீளம்.

லயத்துக்குப் பின்னால் மண்ணில் வெடிப்பு விழுந்திருந்தது. அளந்து பார்த்த அதிகாரிகள் எல்லோரையும் வெளியேறச் சொன்னார்கள். மூன்று வாரமாக அக்காவின் குடும்பம் பள்ளிக்கூட மண்டபத்தில் படுத்தது. திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறப்பதால் ஞாயிறு மாலைக்குள் மண்டபத்தைக் காலி செய்ய வேண்டும். போவதற்கு ஓர் இடம் இருந்தது. வத்தேகமப் பக்கம் அக்காவின் கணவரான மச்சானின் அண்ணன் கொடுத்த துண்டு நிலத்தில் நான்கு சுவர்கள் எழும்பி நின்றன. மேலே ஒன்றும் இல்லை. இந்தத் தகரங்கள் போய்ச் சேர்ந்தால்தான் அது வீடு. மச்சான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு முன்பே போய் மரச்சட்டங்களை அடித்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமை காலை சாமான்களை ஏற்ற அக்காவுக்கு நான்தான் துணை.

வண்டி, பின்னால் திறந்த தட்டுள்ள ஒரு பழைய சிங்கிள் கெப். சாரதி புசல்லாவை டவுனைச் சேர்ந்த முஸ்லிம், அறுபதை நெருங்கியவர். அந்தத் தோட்டத்து ஆட்களின் சாமான்களைப் பல வருடமாக ஏற்றி இறக்குபவர். எல்லோருக்கும் அவர் நானா, அதாவது அண்ணன். பாரம் கட்டும் இரண்டு ரெச்சட் பட்டிகளை நான் கண்டியில் இருந்து வாங்கி வந்திருந்தேன். கைப்பிடியை முன்னும் பின்னும் ஆட்டினால் பட்டி பல்பல்லாக இறுகும். நானா ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"நல்ல சாமான். ஆனா பட்டி நல்லதா இருந்து என்ன தம்பி, பாரத்த அடுக்குறது நாங்க தானே."

அடுக்கியதில்தான் பிழை. அன்று காலை தூறல் இருந்தது. சாமான் நனையாமல் இருக்க வேண்டுமென்றால் கூரையைக் கடைசியில்தான் கழற்ற முடியும். கடைசியில் கழன்றது கடைசியில் வண்டிக்கு வந்தது. அடியில் படுக்கவைத்த அலுமாரி, அதன்மேல் கழற்றிய கட்டில்கள், அதன்மேல் மூன்று பஞ்சு மெத்தைகள். அவற்றின்மேல் தகரங்கள்.

"தகரம் அடியில போகணும்," என்றார் நானா. "எல்லாத்தையும் இறக்கி ஏத்துவம். அரை மணித்தியாலம்."

"இறக்குனா மெத்தைய எங்க வைக்கிறது நானா, உங்க தலையிலயா?" அக்கா கேட்டாள். ஆணி பிடுங்கிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டார் சிரித்தார்கள். "தகரம் மேல இருந்தா மெத்தைக்கும் கூரையாச்சு. புள்ளைங்க ஈரத்துல படுக்க வாணாம்."

அதில் நியாயம் இருப்பதுபோல் பட்டது. எனக்கும் பட்டது. நானா என்னைப் பார்த்தார். நான் பட்டியை எடுத்துத் தகரத்துக்குக் குறுக்கே வீசினேன்.

இரண்டு பட்டிகளையும் குறுக்காகப் போட்டுக் கைப்பிடி அசையாத வரை இறுக்கினேன். தட்டினால் மேளத் தோல்போல் சத்தம் வந்தது. வண்டிக்குப் பின்னால் மூன்றடி நீட்டிக்கொண்டிருந்த தகர நுனியில் சிவப்புத் துணி கட்டினோம். முன்னால் இடம் இருந்தும் அக்கா பின்னால் ஏறினாள்.

"பட்டி ஈக்கி தானே தங்கச்சி," என்றார் நானா.

"பட்டியும் இருக்கட்டும், ஆளும் இருக்கட்டும். பதிமூணு வருசம் வாங்குன தகரம்."

பின்பக்க மூலையில் சாக்கை விரித்துக் குந்தினாள். வலது கையைத் தகரத்தின்மேல் வைத்துக்கொண்டாள்.

புசல்லாவையிலிருந்து கம்பளை வரை பெரும்பாலும் இறக்கம். இறக்கத்தில் தகரங்கள் முன்னால் தள்ளி, கெபினின் முதுகில் முட்டிக்கொண்டு நின்றன. அதனால் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் ஒவ்வொரு குழியிலும் மெத்தைகள் அமுங்கிக்கொண்டிருந்தன. மெத்தை ஓர் அங்குலம் அமுங்கினால் பட்டியும் அந்த அளவு தளரும். இது எனக்கு இப்போது தெரிகிறது. நானாவுக்கு அப்போதே தெரிந்திருந்தது.

கம்பளை டவுனைத் தாண்டியதும் அவர் வேகத்தைக் குறைத்தார். "ஒருக்கா நிப்பாட்டிப் பாப்பமா தம்பி? மெத்த அமுங்கியிருக்கும்."

நான் வானத்தைப் பார்த்தேன். பேராதனைப் பக்கம் கறுத்திருந்தது. "மழை புடிக்கப் போகுது நானா. நான் நல்லா இறுக்கியிருக்கேன். போவோம்."

அவர் கியரை மாற்றினார்.

பேராதனையில் மழை இல்லை. கண்டியில் நெரிசல். நகரத்தைக் கடந்து வத்தேகம வழியில் ஏறும்போது ஓர் ஏற்றத்தின் நடுவில் முன்னால் போன ஆட்டோ சட்டென்று நின்றது. நானா பிரேக் பிடித்தார். ஆட்டோ நகர்ந்ததும் முதல் கியரில் வண்டியை எடுத்தார். வண்டி ஒரு குலுக்கு குலுக்கியது. தகரத்தின்மேல் தகரம் உரசிப் போகும் சத்தம் கேட்டது. நீண்ட, ஒரே சத்தம். பக்கக் கண்ணாடியில் சிவப்புத் துணி கீழே இறங்குவது தெரிந்தது.

நாங்கள் இறங்கி ஓடியபோது ஐந்து தகரங்கள் பாதையில் கிடந்தன. ஆறாவது பாதி தொங்கியது. அக்கா அதன் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். முதல் தகரங்கள் வழுக்கியபோதும் அவள் பிடித்திருக்கிறாள். அவை அவளுடைய வலது உள்ளங்கை வழியாகத்தான் போயிருந்தன. கத்தவில்லை. பின்னால் ஒரு பஸ் நின்றிருந்தது.

"பஸ் ஏறிடப் போகுது, தகரத்த எடுங்க," என்றாள்.

"அக்கா, கைய விடு."

"நீ மொதல்ல தகரத்த எடு."

பஸ்ஸில் இருந்து இறங்கியவர்கள் தகரங்களை ஓரத்தில் அடுக்கினார்கள். அதைப் பார்த்தபிறகுதான் அவள் கையை விட்டாள். நானா தன் துவாயால் அவளுடைய கையைச் சுற்றிக் கட்டினார். ஆஸ்பத்திரிக்குப் போக மறித்த ஆட்டோவில் அவள் ஏறுவதற்குள் நான் ஒரு காரியம் செய்தேன். ஏன் செய்தேன் என்று தெரியவில்லை. பத்திரிகை வேலைப் பழக்கமாக இருக்கலாம். மீதி எட்டுத் தகரத்தை இன்னும் வளைத்துக் கிடந்த முன்பட்டிக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தேன். முழு முஷ்டியும் தாராளமாகப் போனது.

ஆஸ்பத்திரியில் அன்று மாலையே சத்திரசிகிச்சை செய்தார்கள். வலது கையின் சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் போகும் தசைநாண்கள் அறுந்திருந்தன. வைத்தியர் என்ன தொழில் என்று கேட்டார். கொழுந்து எடுப்பது என்றேன். அவர் எழுதுவதை ஒரு கணம் நிறுத்திவிட்டு மறுபடி எழுதினார்.

ஞாயிறு மத்தியானம் கூரை ஏறியது. நானா கொண்டுவந்து இறக்கிய தகரங்களில் நெளிந்தவற்றை மச்சான் கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்தினார். பதினான்கும் போதுமாக இருந்தன. பிள்ளைகள் அன்று இரவு காய்ந்த மெத்தையில் படுத்தார்கள்.

செய்தி அறையில் நான் விபத்துச் செய்தி எழுதிய வருடங்கள் அதிகம். பொலிஸ் சொல்வதை வாங்கி, 'சாரதியின் கவனயீனமே காரணம்' என்று முடிப்போம். இடம் குறைவு. சாரதிக்குப் பக்கத்தில் இருந்தவர் என்ன சொன்னார் என்று ஒருமுறைகூட நான் கேட்டதில்லை.

எட்டு மாதம் கழித்து அக்கா வத்தேகமப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வேலைக்குப் பெயர் பதிந்தாள். அந்த இரண்டு விரல்களும் முழுதாக மடங்கவில்லை. இடது கையால் எடுக்கப் பழகினாள். குறித்த கிலோ வருவதில்லை. பெரும்பாலான நாட்களில் அரைப் பேர்தான் போடுகிறார்கள், அதாவது பாதி நாள் வேலை.

வேறொரு வேலையாகப் புசல்லாவைக்குப் போனபோது நானாவைப் பார்த்தேன். வண்டி கடைக்கு முன்னால் சும்மா நின்றது.

"தங்கச்சிட கை எப்படி?"

"பரவாயில்ல நானா."

"லயத்து ஆக்கள் இப்ப என்னைக் கூப்பிடுற இல்ல. ஆள் கைய வெட்டின வண்டியாம்." சிரிக்கப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "நான் கேட்டன் தானே தம்பி, கம்பளையில?"

"கேட்டீங்க."

தலையை ஆட்டினார். ஒரு பிளேன்டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னார். குடித்தேன்.

அடுத்த ஞாயிறு அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் இடது கையால் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். வலது கை தேங்காய்ப் பாதியை அணைத்துப் பிடித்திருந்தது. நானாவைப் பார்த்ததாகச் சொன்னேன்.

"அந்த ஆளா," என்றாள். "வண்டி ஓட்டத் தெரியாத ஆளு. நீ அவ்வளவு இறுக்கிக் கட்டலன்னா எல்லாத் தகரமும் போயிருக்கும். நீ பேப்பர்ல எழுதுறவன் தானே. அந்த ஆளப் பத்தி எழுதேன்."

"எழுதி என்ன ஆகப்போகுது?"

"இன்னொருத்தி அந்த வண்டியில ஏறாம இருப்பால்ல."

நான் பதில் சொல்லுமுன் மழை பிடித்தது. தகரத்துக்குக் கீழே மழை நேரத்தில் பேச்சுக் கேட்காது. மழை விடும்வரை இருவரும் உட்கார்ந்திருந்தோம். விட்ட பிறகும் கம்பளையில் நடந்ததை நான் சொல்லவில்லை.