கால்மாட்டில் வைத்த பை

என் சகலையைப் பற்றி யாராவது நல்லதாக ஒரு வார்த்தை சொன்னால் எனக்கு வயிறு எரியும். மறைத்து என்ன ஆகப்போகிறது? அவர் என் மனைவியின் அக்காவைக் கட்டியவர், ஈப்போவில் துணிக்கடை வைத்திருப்பவர், எங்கள் மாமியாருக்கு மூத்த மாப்பிள்ளை. நான் ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்து கையுறை ஆலையில் ஷிப்டு வேலை பார்க்கிறவன். மாமியார் வீட்டில் மீன் தலை அவர் தட்டுக்குத்தான் போகும். எனக்கு வால் துண்டு.

என் மச்சினனுக்கு ஜொகூரில் கல்யாணம். மற்றவர்கள் இரண்டு நாள் முன்பே வேனில் கிளம்பிவிட்டார்கள். பத்தரிடமிருந்து தாலி அன்று சாயந்திரம்தான் வந்தது. அதை எடுத்துக்கொண்டு மறுநாள் காலை பஸ்ஸில் போக மாமியார், சகலை, என் மனைவி, நான் என்று நாலு பேர் மிஞ்சினோம். நாத்தனார் முடிச்சு என் மனைவிதான் போடவேண்டும் என்று மச்சினனே கேட்டிருந்தான். அப்படியானால் தாலி யார் கையில் வரவேண்டும்? எங்கள் கையில்தானே?

காலையில் விளக்கேற்றி, பித்தளைத் தட்டில் சிவப்பு நகைப்பெட்டியை வைத்து, மாமியார் அதைச் சகலையிடம் நீட்டினார். "மூத்த மாப்பிள்ள, பத்திரமா கொண்டாந்துருங்க. பஸ்ல திருட்டுப் பயலுக ஜாஸ்தி." அவர் அதைத் தம் கறுப்புப் பையில், புதுப் பட்டு வேட்டிக்குள் சொருகிக்கொண்டார். என்னிடம் வந்தது தேங்காய் மூட்டை. அந்தக் கோபத்தில் மனைவியையும் கடித்தேன். நாள் முழுக்கப் பஸ்ஸில் உட்காரச் சேலை எதற்கு என்று கேட்டேன். அவள் மடிப்பை இன்னும் இறுக்கிச் சொருகிக்கொண்டாள்.

பஸ்ஸில் நானும் சகலையும் ஒரு பக்கம், பெண்கள் இருவரும் மறுபக்கம். அவர் பையைக் காலடியில் வைத்து, அதன் வாரைக் காலில் சுற்றிக்கொண்டார். விவரமான ஆள்தான். அந்த விவரம்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏண்ணே, தாலியப் போயி கால்மாட்டுலயா வைக்கிறது? செருப்புக் கால் படுதுலா!" பஸ் முழுக்கக் கேட்கும்படிதான் சொன்னேன். முன்சீட்டு அம்மா ஒருவர் திரும்பிப் பார்த்து உச்சுக் கொட்டினார். பின்சீட்டில் தொப்பி போட்டிருந்தவன் காதிலிருந்த இயர்போனைக் கழற்றினான். சகலை ஒரு கணம் என்னையே பார்த்தார். பிறகு எழுந்து பையை மேல்தட்டில் வைத்தார். மூத்த மாப்பிள்ளைக்கு முறை தெரியவில்லை என்பதை மாமியார் பார்த்தாரே, அது போதும் எனக்கு. ஆஹா, என்ன நிம்மதி!

சிலிம் ரிவர் தாண்டி ஓர் ஓய்விடத்தில் பஸ் நின்றது. பெண்கள் இருவரும் முதலில் இறங்கிப் போனார்கள். "சகல, எறங்குறேன். பேக்கப் பாத்துக்கிறீங்களா?" என்று சகலை என்னைக் கேட்டார்.

"ஒங்ககிட்டதானே குடுத்தாங்க. நீங்களே பாத்துக்குங்கண்ணே" என்று சொல்லிவிட்டு அவருக்கு முன்னால் நான் இறங்கினேன். திரும்பிப் பார்த்தால் அவரும் வெறுங்கையோடு தே தாரிக் டீக்கடைக்கு நடந்துகொண்டிருந்தார். என்ன அலட்சியம் பாருங்கள்! இவரைத்தான் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்கள் என்று கறுவிக்கொண்டே டீயைக் குடித்தேன்.

திரும்பி ஏறியபோது மேல்தட்டு காலியாக இருந்தது. டிரைவர் ஆட்களை எண்ணினார். தொப்பிக்காரன் வரவில்லை.

விடிந்தால் முகூர்த்தம். "ஐயோ, தாலி போச்சே! மேல வைக்கச் சொன்ன என்னச் செருப்பால அடிங்க!" என்று நடுப்பஸ்ஸில் நின்று அலறினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சகலை நிதானமாக உட்கார்ந்து சீட்டைச் சாய்த்துக்கொண்டார். மாமியார் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். மனைவிதான் என் கையை இழுத்துத் தன் இடுப்பில், சேலை மடிப்புக்குள் வைத்து அழுத்தினாள். துணி முடிச்சு ஒன்று விரலில் தட்டியது. உள்ளே கெட்டியாக இருந்தது.

"பெட்டி காலி. தாலி காலையிலேருந்து இங்கதான் இருக்கு. கத்தாம ஒக்காருங்க" என்றாள் காதோரம்.

"அவருக்குத் தெரியுமா?"

"அத்தான் ஐடியாதான்."

"எங்கிட்ட ஏன்டி சொல்லல?"

"ஒங்க மூஞ்சியே காட்டிக் குடுத்துரும்லா."

"மூஞ்சி எதுக்கு? வாயே போதும்" என்றார் மாமியார், ஜன்னலைப் பார்த்தபடியே.

தாலி தப்பியது என்று சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு அது தோன்றவே இல்லை. என் பெண்டாட்டி இடுப்பில் இருப்பது என்னவென்று அவருக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. ஜொகூர் வரைக்கும் இது ஒன்றையே நினைத்து வெந்துகொண்டு வந்தேன்.

கல்யாண மண்டபத்தில் அவர் எல்லோரிடமும் இதைத்தான் சொன்னார். "எங்க சகல போட்ட சத்தத்துல தாலி பைலதான் இருக்குன்னு திருடனே நம்பிட்டான்லா. தாலி தப்பிச்சதே அவராலதான்." என்னைப் பாராட்டுகிறாராம். எல்லோரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன்.

பையோடு பட்டு வேட்டியும் போய்விட்டதால் அவருக்குக் கட்ட ஒன்றுமில்லை. நான் மாற்றுக்குக் கொண்டுவந்த பழைய ஜரிகை வேட்டியை மனைவி என்னைக் கேட்காமலே அவருக்கு எடுத்துக் கொடுத்திருந்தாள். தாலி ஏறியது, மேளம் கொட்டியது, அவள் முடிச்சுப் போட்டாள். அட்சதை தூவிய கையோடு மாமியார் அவரை ஏற இறங்கப் பார்த்து, "மூத்த மாப்பிள்ளைக்கு இந்த வேட்டி என்ன எடுப்பா இருக்கு! எங்க எடுத்தீங்க?" என்று கேட்டார்.

போன தீபாவளிக்குச் சகலை தம் கடையிலிருந்து எனக்கு எடுத்துக் கொடுத்த வேட்டிதான் அது.