சூடம் விட்டுச்சென்ற எடை

கொல்லம் ஆண்டு 1109, இடவ மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை, காலை பத்தரை மணிக்குப் பஞ்சாபகேசய்யரை முதன்முதலாகக் கண்டேன். வலியசாலைக்காரரான அவர், நகரத்து இரசாயனப் பரிசோதனைச் சாலை ஒன்றில் உதவிப் பகுப்பாய்வாளர். ஆரியசாலையில் கடை வைத்திருந்த என் அண்ணன் குற்றாலலிங்கம், கோயிலுக்கு அளித்த சூடத்தில் உப்பைக் கலந்தார் என்பது வழக்கு. கலப்பு உறுதியானால் அண்ணனுக்குச் சிறை. சோதனையை நேரில் காண எங்கள் இருவரையும் அழைத்திருந்தார்கள்.

எடை தெரிந்த பீங்கான் மூசையில், அதாவது தீயைத் தாங்கும் சிறு கிண்ணத்தில், சூடத்தை நிறுத்து இட்டு, மெல்லச் சூடேற்றுவார்கள். நல்ல சூடம் முழுவதும் ஆவியாகிவிடும். ஆறிய மூசை தன் பழைய எடைக்கே திரும்ப வேண்டும். மிஞ்சுவது கலப்பின் எடை.

அண்ணன் அளித்த சூடத்தை இட்ட இரண்டு மூசைகளில் முதலாவது பழைய எடைக்குத் திரும்பிற்று. இரண்டாவது திரும்பவில்லை.

"பம்பாயிலேருந்து வந்த பெட்டி சாமி! ஒடைச்ச கையோட கோயிலுக்கு அனுப்பினேன்" என்று அண்ணன் எழுந்தார்.

"பேசாதேயும் ஓய்! மூச்சுக்காத்துக்கே தராசு ஆடறது" என்றார் ஐயர்.

மறுபடியும் சூடேற்றி, ஆறவைத்து நிறுத்தார். அதே மிகை. அண்ணனின் கை என் மணிக்கட்டைப் பற்றியது. "லே தம்பி, பிள்ளைகளைப் பாத்துக்கிடு."

ஐயர் உருப்பெருக்கிக் கண்ணாடியால் மூசைக்குள் பார்த்தார். அடியில் வெண்துகள். ஒரு துளி நீர் விட்டார், உப்பானால் கரைந்திருக்கும். கரையவில்லை. அவருடைய கை மெல்ல நெற்றிக்கு உயர்ந்தது. அடுப்பின் வெக்கையில் உலர்ந்த திருநீற்றுப் பட்டையில் ஓரிடம் உதிர்ந்து போயிருந்தது.

"ஈசுவரா! இது ஓம்ம உப்பில்லை ஓய், என் நெத்தி."

இப்போது அச்சம் அவருடையதாயிற்று. கவனக்குறைவுக்காக மேலதிகாரியிடம் முன்பே ஒருமுறை எச்சரிக்கை பெற்றவர் அவர். உள்ளே சென்று, அந்த மேலதிகாரியிடமே நடந்ததைச் சொன்னார். முகம் கழுவித் திரும்பி மறுசோதனை செய்தார், எதுவும் மிஞ்சவில்லை. வழக்கு ஒழிந்தது. அவருக்கு வரவிருந்த பதவி உயர்வும் ஒழிந்தது.

"என்ன வேணும்னாலும் ஒரு வார்த்தை சொல்லுங்க, சாமி" என்றார் அண்ணன்.

"ஐயையோ! ஓம்ம கடைப்பக்கம் வந்தாலே கைக்கூலின்னு ஊர் கதை கட்டிடும்."

அதன்பின் வேலைக்கு அவர் வெறும் நெற்றியோடுதான் வந்தார். வெளியேறும்போது படியில் நின்று திருநீறு பூசிக்கொள்வார். சூடத்தைக்கூட வேறு கடையில் வாங்கினார். அவருக்கென்று அண்ணன் எடுத்துவைத்த சூடம், காற்றில் கரையாதிருக்க மிளகிட்டு மூடியிருந்தும், ஆண்டுதோறும் சிறுத்துக்கொண்டே வந்தது. அவர் கேட்கவே இல்லை.