நாங்கள் கூடாரம் போட்ட இடம்

இது நடந்து மூன்று வருடங்களாகின்றன. நவம்பர் மாதம். பண்டாரவளையிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம் போய், அதற்கு மேல் த்ரீவீலில் ஏற வேண்டிய ஒரு தேயிலைத் தோட்டம். தோட்டத்தின் பெயரை எழுத எனக்கு மனமில்லை. அங்கே இருப்பவர்கள் இன்னும் கொஞ்சக் காலம் நிம்மதியாக இருக்கட்டும்.

நான் பிறந்து வளர்ந்தது ஹாலிஎலையில். அப்பா டவுனில் ஒரு சின்னப் புடவைக்கடை வைத்திருந்தார். சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து சம்பள நாளில் ஆட்கள் கடைக்கு வருவார்கள். அவர்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயங்களுக்கு நான் ஒருமுறைகூடப் போனதில்லை. பிறகு படிப்பு, கொழும்பில் வேலை. ஆனாலும் அலுவலகத்தில் யாராவது மலைநாட்டைப் பற்றிப் பேச்செடுத்தால், "அது எங்க ஊரு" என்று முந்திக்கொண்டு சொல்லுவேன்.

என்னோடு வேலை செய்யும் சிங்களத் தோழி ஒருத்திக்கு அப்போது கல்யாணமாகி ஒரு வருடம். கணவரோடு மலையில் எங்காவது கூடாரம் போட்டுத் தங்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. சீசனில் போனால் கூட்டம், ரயிலில் நிற்கவும் இடமிருக்காது. நான்தான் நவம்பரில் போகலாம் என்றேன். மழை பெய்யும், பெய்யட்டும். மலை முழுக்க நமக்குத்தான் என்றேன்.

ஒரு மாதம் திட்டம் போட்டேன். மழைக்கோட்டு, தரையில் விரிக்கப் பிளாஸ்டிக் ஷீட், அட்டை கடிக்கு உப்பும் சவர்க்காரமும், நனையாமல் கொண்டுபோக அரிசி, கருவாடு என்று எல்லாவற்றையும் எழுதி வைத்தேன். காலையும் மாலையும் போனில் வானிலை பார்த்தேன். இடத்தையும் போனில்தான் கண்டுபிடித்தேன். யாரோ போட்டிருந்த படம். மூன்று பக்கம் மலை, தெற்கே வெல்லவாய பக்கத்துச் சமவெளி வரைக்கும் திறந்து கிடக்கும் ஒரு பச்சைப் புல்வெளி. அந்த இடத்தைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை.

எங்களை ஏற்றிப்போன த்ரீவீல்காரர் மட்டும் கேட்டார். "இந்த மழையில அங்கயா போறீங்க? தெரிஞ்சவங்க யாரும் இருக்காங்களா?"

"நானும் இந்தப் பக்கம்தாண்ணே. எனக்குத் தெரியும்" என்றேன். அவர் கியரை மாற்றினார்.

பகல் பதினொரு மணிக்கு மேலே போய்ச் சேர்ந்தோம். தூறல் விட்டிருந்தது. படத்தில் பார்த்ததைவிட அழகாக இருந்தது இடம். புல்லுக்கு நடுவில், பானை அளவு உருண்டைக் கற்கள் ஏழு, ஒரே வரிசையில் இடைவெளி விட்டுக் கிடந்தன. "பார், நமக்காகவே எடுத்து வைத்த மாதிரி இருக்கிறது" என்று சொன்னது நான்தான். ஈர மண்ணில் கூடாரத்தின் ஆணிகள் நிற்கவில்லை. அதனால் இரண்டு கற்களை உருட்டி வந்து ஓரத்தில் பாரம் வைத்தோம். மூன்றை எடுத்து அடுப்பு கூட்டினோம். விறகு நனைந்திருந்தது. புகைந்து புகைந்து ஒருவழியாகத் தேநீர் கொதித்தது. மூன்று பேரும் படம் எடுத்துக்கொண்டோம்.

குடித்து முடிப்பதற்குள் கீழே ஒற்றையடிப் பாதையில் ஒரு அம்மா ஏறி வந்தார். ஐம்பது வயதிருக்கும். ஒரு கையில் குடை, மறு கையில் பூ நிறைந்த பை, புல் வெட்டும் கத்தி. எங்களைக் கண்டதும் நின்றார். பிறகுதான் கவனித்தேன், அவர் பார்த்தது எங்களை இல்லை, அடுப்பை.

"யாரும்மா நீங்க?"

ஹாலிஎல, இப்போ கொழும்பு, இவள் கூட வேலை செய்பவள், அவர் இவள் கணவர் என்று உற்சாகமாகச் சொன்னேன்.

"இந்தக் கல்லெல்லாம் நீங்களா எடுத்தீங்க?"

"ஆமாக்கா. ஏன், யாரோடதாச்சுமா?"

அவர் பையைக் கீழே வைத்தார். 

"இங்கன ஒரு லயம் இருந்துச்சும்மா. ஏழு காம்பரா, ஏழு குடும்பம். மழையில மண்ணு எறங்கி மூடிருச்சு. எந்த வீடு எங்க இருந்துச்சுன்னு தெரியணுமில்ல, அதான் வீட்டுக்கு ஒரு கல்லுன்னு ஓடையில இருந்து பொறுக்கியாந்து வச்சேன்." கூடாரத்தைக் கையால் காட்டினார். "அது எங்க வீட்டு இஸ்தோப்பு. வாசல்."

நான் கையில் பிடித்திருந்த கோப்பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். தோழி, அவர் என்ன சொல்கிறார் என்று சிங்களத்தில் கேட்டாள். அதை நான்தான் சொல்லியாக வேண்டும். ஏழு வீடுகள், மண்சரிவு என்பது வரைக்கும் சொன்னேன். மீதியை அவளே புரிந்துகொண்டாள். அவள் கணவர் எழுந்து போய்த் தண்ணீரை ஊற்றி அடுப்பை அணைத்தார். பிறகு சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு கூடாரத்தைப் பிரிக்கத் தொடங்கினார். யாரும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

"சீசன்ல நெறையப் பேரு வந்து தங்குறாங்க" என்றார் அந்த அம்மா. "பாட்டுப் போடுவாங்க, ஆடுவாங்க. வெளியூர்க்காரங்க, நாங்க ஒண்ணும் சொல்லிக்கிறதில்ல. இந்த மழ மாசத்துலதான் யாரும் வரமாட்டாங்க. அது நடந்ததும் இந்த மாசந்தான். இன்னைக்குத்தான்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"மத்தவங்க நாலு மணிக்கு வருவாங்க. இப்புடிக் கெடக்குறதப் பாத்தா தாங்கமாட்டாங்க. அதுக்குள்ள எடுத்த எடத்துல வச்சிருவோம், வாங்க."

கேட்க எளிதாக இருந்தது. ஆனால் கற்கள் இருந்த பள்ளங்களை நாங்களே மிதித்துச் சேறாக்கியிருந்தோம். வரிசையின் கடைசியில் இரண்டு கற்கள் மட்டும் அசையாமல் இருந்தன, ஆறாவது வீடும் ஏழாவது வீடும். அங்கிருந்துதான் பின்னால் எண்ணிவர வேண்டும். "ஒரு காம்பராவுக்கு எங்காலுக்குப் பன்னெண்டு அடி" என்று சொல்லி, அவர் ஒரு பாதத்துக்கு முன்னால் மறு பாதத்தை ஒட்டி வைத்து நடந்தார். நானும் தோழியின் கணவரும் கல்லைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனோம். மழை பிடித்துக்கொண்டது. தோழி அவருக்குக் குடை பிடித்தாள். இரண்டு முறை கணக்குத் தவறிவிட்டது. திரும்பவும் ஆறாவது கல்லிலிருந்து ஆரம்பித்தார்.

ஐந்தாவது இடத்தில் நின்றார். "இது நம்ம வீடு."

நாங்கள் கல்லை வைத்தோம். அவர் குனிந்து அதைச் சரியாக அமர்த்திவிட்டு, நிமிராமலே பேசினார். "மகளுக்கு ஒம்பது வயசு. காய்ச்சல்னு அன்னைக்கு இஸ்கூலுக்கு விடல. கஞ்சி வச்சுக் குடுத்து, படுக்க வச்சிட்டு, வேலைக்குப் பேரு குடுக்கப் பெரட்டுக்குப் போனேன். மேல் மலையில கொழுந்து எடுத்துக்கிட்டு நிக்கிறப்ப சத்தம் கேட்டுச்சு." அவ்வளவுதான் சொன்னார். அடுத்த வீட்டுக்குப் பாதம் வைத்து எண்ண ஆரம்பித்தார்.

நான்காவது, மூன்றாவது, இரண்டாவது. ஒவ்வொரு வீட்டிலும் யார் யார் இருந்தார்கள் என்று மெதுவாகச் சொன்னார். முதல் வீட்டுக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு கல். அடுப்பில் தீ நேராகப் பட்ட கல். மற்ற இரண்டு அடுப்புக் கற்களும் ஈரப் புல்லால் தேய்த்ததும் வெளுத்துவிட்டன. இதில் ஒரு பக்கம் முழுக்கக் கரி. மண்ணையும் புல்லையும் வைத்து நான் விரல் எரியத் தேய்த்தேன். போகவில்லை.

அவர் என் கையிலிருந்து அதை வாங்கிப் பார்த்தார். "இந்த வீட்டுக்காரரு நாலு பேரப் பறிகுடுத்தவரும்மா" என்றார். பிறகு, கல்லைச் சுமந்துகொண்டு அவரே திரும்பி நடந்தார். ஐந்தாவது இடத்தில் வைத்திருந்த நல்ல கல்லை எடுத்துவிட்டு, கரிக்கல்லை அங்கே வைத்தார். நல்ல கல்லைக் கொண்டுவந்து முதல் வீட்டில் வைத்தார். நான் உதவிக்குப் போனேன். வேண்டாமென்று கையால் தடுத்துவிட்டார்.

நாலு மணிக்கு எட்டு, ஒன்பது பேர் குடைகளோடு வந்தார்கள். நாங்கள் போய்விடலாமா என்று கேட்டேன். "மழையில எங்க போவீங்க, நில்லுங்க" என்றார். வந்தவர்கள் எங்களை யாரென்று கேட்டபோது, "பஸ் வர்ற வரைக்கும் நிக்கிறாங்க. புல்லு வெட்ட ஒத்தாச பண்ணாங்க" என்றார். ஒவ்வொருவரும் தங்கள் கல்லுக்குப் பூ வைத்தார்கள். முதல் வீட்டுக்காரர் தன் கல்லுக்கு முன்னால் ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். மழையில் கற்பூரம் பிடிக்க நேரமெடுத்தது. யாரும் சத்தமாக அழவில்லை.

ஒரு பெண் மட்டும் ஐந்தாவது கல்லைப் பார்த்துவிட்டு, "என்னக்கா இது, இம்புட்டுக் கரி?" என்று கேட்டாள்.

"போன வருஷம் கற்பூரம் ஏத்துனதுல புடிச்சிருக்கும். மழ பேஞ்சா போயிரும்."

நான் இரண்டடி தள்ளி நின்றேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று மனசு தவித்தது, வாய் திறக்கவில்லை. அன்று பேசாமல் இருந்தது மரியாதையா கோழைத்தனமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

எல்லோரும் இறங்கிய பிறகு, கீழே புதிதாகக் கட்டிக் கொடுத்திருக்கும் வீட்டு வரிசையில் இருந்த தன் வீட்டுக்கு எங்களைக் கூட்டிப்போனார். தலை துவட்டத் துணி கொடுத்து, இஞ்சி போட்ட பிளேன்டீ கொடுத்தார். மூவரும் தலை குனிந்தே குடித்தோம். புறப்படும்போது, "மன்னிச்சிருங்கக்கா, தெரியாமப் பண்ணிட்டோம்" என்றேன்.

அவர் என்னை மட்டும் பார்த்தார். "அவங்களுக்குப் பாசை தெரியாது. நீங்க தமிழ்ப் புள்ளதானேம்மா. வர்ற வழியில இந்த வீடுகள்ல ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."

குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். பண்டாரவளைக்குப் பஸ்ஸில் இறங்கினோம். எடுத்த படங்களையெல்லாம் தோழி தன் போனிலிருந்து ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தாள்.

மறு வருடம் நவம்பர் வந்தபோது, அன்று வாங்கி வந்த நம்பரில் அவருக்குப் போன் செய்தேன். அந்த நாளில் நாங்கள் மூவரும் பூ வாங்கிக்கொண்டு வரலாமா என்று கேட்டேன். வாங்க என்று சொல்லுவார் என்றுதான் நினைத்தேன்.

"அந்த ஒரு நாளு மட்டும் வேணாம்மா. அது எங்களோட இருக்கட்டும். மத்த நாள்ல வாங்க, நம்ம வீட்டுலயே தங்குங்க."

அவர் சொன்னபடி ஜனவரியில் போய் இரண்டு நாள் தங்கிவிட்டு வந்தேன். மேலே ஏறவில்லை. அவரோடு கடைக்குப் போனேன், காய் நறுக்கினேன், பக்கத்து வீடுகளில் உட்கார்ந்து அவர்கள் பேசுவதைக் கேட்டேன். இப்போதும் விடுமுறைக்குத் திட்டம் போடுகிறேன். ஆனால், ஆளில்லாத அமைதியான இடம் என்று யாராவது ஒன்றைச் சொன்னால், அந்த அமைதி யாருக்குச் சொந்தமானது என்று அங்கே குடியிருக்கும் ஒருவரிடமாவது கேட்டுவிட்டுத்தான் பையைக் கட்டுகிறேன்.