தூணிலிருந்து சாமியை எடுத்தவர்

மஞ்சள் கறை அவ்வளவு லேசில் போகாது. சேலையில் பட்டாலே போகாது, சிமெண்டில் ஊறியது போகுமா? ஆனாலும் என் மாமனார் ஒரு பிளாஸ்டிக் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, என் குசினியிலிருந்து கேட்காமல் எடுத்துப்போன கம்பி நாரையும் பாத்திரம் கழுவும் சோப்பையும் வைத்து அந்தத் தூணைத் தேய்த்துக்கொண்டிருந்தார். வாளியிலிருந்து ஊற்றிய வெந்நீர் முதலில் மஞ்சளாக ஓடியது, பிறகு குங்குமச் சிவப்பாக, அப்புறம் எண்ணெய்ப் பிசுக்கோடு கறுப்பாக. நான் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்றேன். வெயிலுக்காகத்தான் குடை. ஆனால் யாராவது கல்லெடுத்து எறிந்தால் என்ன செய்வது என்ற பயமும் உள்ளுக்குள் இருந்தது. எறிந்தால் மலாய்க்காரர்கள் எறிய மாட்டார்கள், நம்ம பையன்கள்தான் எறிவார்கள் என்பதும் தெரியும். சாமியைக் கழுவி விடுகிற பூசாரியை ஊர் உலகத்தில் யார் பார்த்திருக்கிறார்கள்?

மாமனார் லாபு பக்கத்துத் தோட்டம் ஒன்றில் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டியவர். நான் கோலா சாவாவிலிருந்து அவருடைய மகனுக்கு வாக்கப்பட்டு வந்தேன். வந்த புதிதில் இவர் ஊமையோ என்றுகூட நினைத்தேன். பசியாறக் கூப்பிட்டால் வருவார், சாப்பிடுவார், தட்டைக் கழுவி வைப்பார், போய்விடுவார். "வாயத் தொறந்தா போலீஸ்காரன் சமன் எழுதி அபராதம் போட்டுருவானா மாமா?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார். ஆனால் வெள்ளிக்கிழமை ஆனால் வேறு மனிதர். குளித்து, வேட்டி கட்டி, நெற்றி நிறைய விபூதியோடு தூணடிக்குப் போய்விடுவார். அங்கே அவர்தான் பூசாரி.

அந்தத் தூணின் கதையைச் சொல்ல வேண்டும். ஜப்பான்காரன் காலத்தில் எங்கள் தோட்டத்து ஆட்களைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். போனவர்களில் திரும்பி வந்தவர்கள் கொஞ்சப் பேர். வந்தவர்கள் சும்மா இருக்க மாட்டாமல், தோட்டத்து ஆபீஸ் கிராணியிடம் கெஞ்சி வாங்கிய சிமெண்டில் ஓர் ஆள் உயரத்துக்குத் தூண் எழுப்பி, ஈரம் காய்வதற்குள் செத்தவர்களின் பெயர்களை ஆணியால் கீறி வைத்தார்கள். அதில் மாமனாருடைய தகப்பனார் பெயரும் உண்டு. அவரைப் பிடித்துப் போனபோது மாமனார் தாய் வயிற்றில் இருந்தாராம். உடலும் வரவில்லை, ஒரு படமும் கிடையாது. விவரம் தெரிந்த வயதில் அவர் கேட்டபோது அவருடைய அம்மா தூணைத்தான் காட்டினார்.

வளர்ந்து லாரி ஓட்ட ஆரம்பித்ததும், ஓர் ஆடி அமாவாசையன்று மாமனார் தூணுக்குச் சந்தனப் பொட்டு வைத்து, இலையில் சோறு படைத்தார். செய்தது அவ்வளவுதான். ஆனால் நம்ம ஆட்களுக்குப் பொட்டு வைத்த கல்லைச் சும்மா விட்டுவிட மனசு வருமா? அடுத்த வாரம் ஒருவர் சூடம் ஏற்றினார். தூணடியில் படுத்துத் தூங்கிய ஒருவர் கனவில் கண்ட நாலு நம்பரை லாட்டரிக் கடையில் எழுத, அது அடித்தும் விட்டது. போதாதா! சூலம் வந்தது, தகரக் கூரை வந்தது, வருஷா வருஷம் மஞ்சளும் சிவப்புமாகப் பெயிண்ட் வந்தது. பெயர்கள் எல்லாம் அதற்கு அடியில் போயின. செத்தவர்களுக்கு எழுப்பிய தூண் 'சயாம் சாமி' ஆகிவிட்டது. கேலி செய்வதாக நினைக்க வேண்டாம். இரண்டு பிள்ளை வயிற்றில் தங்காமல் போனபிறகு நான் அங்கேதான் மஞ்சள் கயிறு கட்டினேன். என் மகள் பிறந்தாள். யார் என்ன சொன்னாலும் எனக்கு அவர் சாமிதான்.

பிறகு தோட்டத்தை விற்றார்கள். எங்களுக்கு ஓரமாகச் சில வரிசை வீடுகளைக் கொடுத்துவிட்டு, செம்பனையை அழித்து நூற்றுக்கணக்கான வீடுகளோடு பெரிய தாமான் கட்டினார்கள். மலாய்க்காரர்கள்தான் அதிகம் குடிவந்தார்கள். தூண் நின்ற இடம் பிள்ளைகள் விளையாடும் திடலின் ஓரமாகிவிட்டது. திடலுக்கு அந்தப் பக்கம் அவர்கள் தொழுவதற்குச் சூராவ் கட்டினார்கள். குடியிருப்பாளர் சங்கத்துக்குத் தலைவர் ஒரு ஹாஜி. பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய தகப்பனார் எங்கள் தோட்டத்திலேயே காவல்காரராக இருந்தவராம், ஹாஜி எங்கள் லயத்து வீட்டுப் பிள்ளைகளோடு உருண்டு வளர்ந்தவர். அவர் பேசும் தமிழைக் கேட்டால் என் பிள்ளைகள் பேசுவது தமிழா என்று எனக்கே சந்தேகம் வரும்.

ஆரம்பத்தில் ஒரு தகராறும் இல்லை. சாம்பிராணிப் புகை அவர்கள் பக்கம் போகும், பாங்குச் சத்தம் எங்கள் பக்கம் வரும், அவரவர் வேலையை அவரவர் பார்த்தோம். வெளியூர்ப் பையன்கள் சயாம் சாமியைக் கேள்விப்பட்டு வர ஆரம்பித்ததும்தான் வினை. அவர்களுக்கு அது முனியாம். சேவல் அறுத்தார்கள், மதுப் புட்டிகளைப் படைத்தார்கள், படைத்ததைக் குடித்தார்கள், எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டுப் போனார்கள். மாமனார் எத்தனையோ தடவை கூட்டி அள்ளினார். ஒருநாள் அவர் பார்ப்பதற்குள், குர்ஆன் ஓதப் போன ஒரு சின்னப் பெண் கோழித் தலையைப் பொம்மை என்று நினைத்துக் கையில் எடுத்துவிட்டாள். யாரோ படம் பிடித்தார்கள். சாயந்திரத்துக்குள் ஊர் பூராவும் அந்தப் படம்தான். செனாவாங்கில் நான் வேலை செய்யும் பேக்டரியில், எத்தனையோ வருஷமாக ஒரே மேசையில் சோறு தின்ற மலாய்ப் பெண்கள் அன்று என் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டார்கள். நம்ம பையன்களும் லேசுப்பட்டவர்களா? அவர்கள் பங்குக்கு அசிங்கமாக எழுதினார்கள். திடல் ஓரத்தில் போலீஸ் வண்டி நிற்க ஆரம்பித்தது. நகராண்மைக் கழகத்துக்காரர்கள் வந்து தூணில் நோட்டீஸ் ஒட்டினார்கள். நினைவுத் தூண் என்றால் நிற்கலாம், அனுமதியில்லாத வழிபாட்டு இடம் என்றால் உடைத்துவிடுவோம், எதுவென்று நீங்களே சொல்லுங்கள் என்றார்கள்.

பொது மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். எங்கள் பக்கம் பேச எழுந்தவர் என் வீட்டுக்காரர். நன்றாகப் பேசினார். "பள்ளிக்கூடத்தக் குடுத்தோம். லயத்தக் குடுத்தோம். எங்க சுடுகாட்டு மேல ரோட்டப் போட்டாங்க, அதையும் பாத்துக்கிட்டு இருந்தோம். மிச்சம் இந்த ஒன்னுதான் லா. இதையும் குடுத்துட்டு நாங்க எங்க போறது?" நான் கை வலிக்கத் தட்டினேன். அவர் சொன்னதில் ஒரு சொல் பொய் கிடையாது. பிறகு ஹாஜி எழுந்தார். அவர் மேல் எனக்கு அன்று கொதியாய்க் கொதித்தது, ஆனால் குரலில் சண்டை இல்லை.

"தூணு வேணாம்னு நான் சொல்லல. சின்னப் புள்ளையில நானும் அதச் சுத்தி வெளையாண்டவன்தான். ஆனா புள்ளைங்க ஓதப் போற வழியில ரத்தம் கெடந்தா, அதுங்களோட தாய் தகப்பனுக்கு நான் என்னா பதில் சொல்றது? நீங்களே சொல்லுங்க."

யார் சொல்வது என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, வாயே திறக்காத என் மாமனார் எழுந்து நின்றார்.

"தூணு நிக்கட்டும். சாமிய நான் எடுத்துர்றேன். இனிமே அங்க சூடம் கெடையாது, படையல் கெடையாது. இது என் வாக்கு."

மண்டபம் இரண்டுபட்டது. துரோகி என்றார்கள், கிழவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள். வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் செருப்பைக்கூடக் கழற்றாமல் அவர் முன்னால் போய் நின்றார். "யாரக் கேட்டு வாக்குக் குடுத்தீங்க? சாமிய வெரட்டிட்டு வெறும் தூண வச்சு என்னா செய்யப் போறீங்க?"

மாமனார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்து பார்த்தார். "சாமிக்கு எங்கயும் எடம் கெடைக்கும்டா. எங்கப்பனுக்கு இத விட்டா எடம் இல்ல."

என் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றி வாசலில் எறிந்தார். பதில் இல்லாத கோபம் இருக்கிறதே, அது பொல்லாதது. அன்றிலிருந்து தகப்பனோடு பேச்சை நிறுத்திவிட்டார். ஒரே வீடு, ஒரே மேசை. "ஒங்க மாமாக்கிட்ட மருந்து முடிஞ்சிருச்சான்னு கேளு" என்பார், மாமா எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். நடுவில் நான் தபால்காரி.

நம்மிடம் பிடிமண் எடுக்கிற வழக்கம் உண்டு. ஊரிலிருந்து கப்பலேறிய நம் ஆட்கள் அங்கே இருந்த கோயில் மண்ணில் ஒரு பிடி எடுத்து வந்துதான் இங்கே சாமிகளை வைத்தார்கள். சாமி அந்த மண்ணோடு வந்துவிடும். அதையேதான் மாமனார் செய்தார். விடிந்தும் விடியாத ஒரு காலையில் புதுச் சட்டியோடு தூணடிக்குப் போனார். மேளம் இல்லை, ஆள் இல்லை, கூடப் போனது நான் மட்டும். கடைசியாக ஒரு சூடம் ஏற்றிவிட்டு, வீட்டு ஆளிடம் பேசுவது போலப் பேசினார். "ஒன்னைய இங்க உக்கார வச்சவன் நான்தான். நானே கூட்டிட்டுப் போறேன். கோவிச்சுக்காத. மாரியம்மா கோயில்ல ஒனக்கு நல்ல எடமாப் பாத்து வச்சிருக்கேன். வா, சாமி." தூணடி மண்ணை ஒரு பிடி அள்ளிச் சட்டியில் போட்டு, மஞ்சள் துணியால் மூடித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். எங்கள் வீட்டு வரிசையைத் தாண்டும்போது கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன. எங்கள் வீட்டுக் கதவும்தான். எனக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. என் பிள்ளையைக் கொடுத்த சாமி, ஒரு சத்தம் இல்லாமல், திருடனைப் போல வெளியேற வேண்டியிருக்கிறதே!

அதன்பிறகுதான் அந்தத் தேய்ப்பு. நார் தேய்ந்து, பெயிண்ட் சுரண்டும் தகடு வாங்கி வந்து, பல நாள் உட்கார்ந்தார். பெயிண்ட் செதில் செதிலாக உதிர, பெயர்கள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. முனியாண்டி, காத்தான், சின்னப்பையன், இன்னொரு முனியாண்டி. பத்திரிகைக்காரப் பையன் ஒருவன் வந்து, மலாய்ப் பெயர் ஏதாவது இருக்கிறதா என்று ஆவலாகத் தேடினான். இருந்திருந்தால் சண்டையெல்லாம் தீர்ந்து செய்தி அழகாக முடிந்திருக்கும். நானும் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டுதான் இருந்தேன். ஹாஜியும் வந்து குனிந்து மேலிருந்து கீழ் வரை பார்த்தார்.

"எங்க ஆளு யாரும் இல்லயாண்ணே?"

"இல்ல, ஹாஜி. எல்லாம் எங்க லயத்து ஆளுங்கதான்."

ஹாஜி நிமிர்ந்தார். "பரவால்ல. செத்தவங்கதானே" என்று சொல்லிவிட்டு, காலியாகிவிட்ட வாளியை எடுத்துப்போய்ச் சூராவ் குழாயில் தண்ணீர் பிடித்து வந்து வைத்தார். அவர் மேல் இருந்த என் கோபம் முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். பாதி போயிற்று.

தூண் தப்பித்தது. நகராண்மைக் கழகம் சுற்றிலும் இரும்பு வேலி போட்டு, நினைவுத் தூண் என்று பலகையும் வைத்தது. நம்ம பையன்கள் அந்தப் பக்கம் வருவதையே விட்டார்கள். முந்தியெல்லாம் வெள்ளிக்கிழமை நிற்க இடமில்லாத இடத்தில் இப்போது பந்து பொறுக்க வரும் பிள்ளைகள் மட்டும்தான். ஜெயித்தோமா தோற்றோமா என்று என்னைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது.

மாமனார் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது ஆடி அமாவாசைக்கு அங்கே போய் நிற்பது என் வீட்டுக்காரர். அது எப்படி வந்தது என்றால், வேலி போட்ட பிறகு வந்த முதல் ஆடி அமாவாசையால் வந்தது. அன்று காலையில் மாமனார் குளித்து, வேட்டி கட்டிக்கொண்டு, வெறுங்கையோடு கிளம்பினார். முட்டி வலி அவருக்கு. "ஒங்க மாமாவ மோட்டார் சைக்கிள்ல ஏறச் சொல்லு" என்றார் என் வீட்டுக்காரர். நான் குடையோடு பின்னாலேயே நடந்து போய்ச் சேர்ந்தேன். இவர் மோட்டாரை விட்டு இறங்கவில்லை, என்ஜினை அணைக்கவும் இல்லை, முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். மாமனார் வேலிக்கு வெளியே நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏதோ முணுமுணுக்க ஆரம்பித்தார். சூராவிலிருந்து வந்துகொண்டிருந்த ஹாஜி பார்த்துவிட்டார்.

"அண்ணே, சாமி கும்புடுறீங்களா?" தயங்கித்தான் கேட்டார். வாக்குக் கொடுத்தவரைக் கேட்பதால் வந்த தயக்கம்.

"இல்ல, ஹாஜி. பேரு படிக்கிறேன்."

ஹாஜி தலையாட்டினார். "படிங்க. பேரு படிக்கிறத யாரு தப்புன்னு கேக்குறது?" என்று சொல்லிவிட்டுப் போகாமல் அங்கேயே நின்றார்.

மாமனார் இப்போது வாய்விட்டுப் படித்தார். மேலிருந்து ஒவ்வொரு பெயராக, வகுப்பில் பிள்ளைகளைக் கூப்பிடுவது போல. பாதிக்குக் கீழே ஓரிடத்தில் குரல் நின்றது. அந்தப் பெயர் எனக்குத் தெரியும். அதை நானும் இங்கே எழுத மாட்டேன், மருமகள் எழுதுகிற பெயரா அது? பெற்ற தகப்பனை எந்த மகன் பெயர் சொல்லிக் கூப்பிடுவான்? தாண்டிப் போய்விடுவார் என்று நினைத்தேன். கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"அப்பா" என்றார்.

தலை முழுக்க நரைத்த மனிதர், பேரப்பிள்ளை எடுத்தவர். அந்தச் சொல்லைச் சொல்லி யாரையும் அவர் கூப்பிட்டதே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. குடையைத் தாழ்த்தி முகத்தை மறைத்துக்கொண்டு அழுதேன். அவர் அழவில்லை. அடுத்த பெயரைப் படிக்கப் போனார்.

மோட்டார் சத்தம் நின்றது. என் வீட்டுக்காரர் இறங்கி வந்து அவர் பக்கத்தில் நின்று, தானும் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அப்பா, மெதுவாப் படிங்க" என்றார். "நானும் கேக்குறேன்."