யூதாஸ் நாற்காலிக்கு ஆள் தேவை

உபதேசியார் வேலை என்றால் ஜெபம் சொல்லிக்கொடுக்கும் வேலை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். அது ஆள் பிடிக்கும் வேலை.

பாப்பாரப்பட்டிப் பக்கம் ஒரு சின்னக் கோயிலில் மணியடிப்பது, மெழுகுவத்தி ஏற்றுவது, கூட்டுவது எல்லாம் நான்தான். அதெல்லாம் பரவாயில்லை. வருடத்துக்கு ஒருமுறை பெரிய வியாழன் வருகிறதே, அதுதான் வினை. இயேசு தம் சீடர்களுக்குச் செய்தது போல, அன்று சாமியார் பன்னிரண்டு பேரின் பாதம் கழுவி, துடைத்து, முத்தமிடுவார். அந்தப் பன்னிரண்டு பேரைப் பிடித்துவந்து நாற்காலியில் உட்கார வைப்பது என் தலையெழுத்து. கட்சிக் கூட்டத்துக்கும் கிராமசபைக்கும் ஆள் சேர்த்துப் பழகியவர்களே, என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும்.

கழுவி வந்த கால்

சாமியார் தொடப்போகிற காலை எவன் அப்படியே கொண்டுவருவான்? ஒரு வாரம் முன்பே ஊரில் குதிகால் தேய்க்கும் படலம் தொடங்கிவிடும். ஒரு கொத்தனார், சிமெண்டுக் கறை போகவில்லை என்று மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, அந்த நாற்றம் போக சோப்புப் போட்டு, அதுவும் போதாமல் முகப்பவுடரை அப்பிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். தண்ணீர் ஊற்றியதும் தாம்பாளத்தில் வடிகஞ்சி மாதிரி ஓடியது. சாமியார் நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

"ஏம்ப்பா, நான் கழுவறதுக்குக் கொஞ்சம் அழுக்கு மிச்சம் வெச்சிருக்கக் கூடாதா?"

வலதா இடதா

முந்தைய சாமியார் எப்போதும் வலது காலைத்தான் கழுவுவார். புதிதாக வந்தவருக்கு இது தெரியாது. மரவள்ளிக் காட்டிலிருந்து நேராக ஓடிவந்த ஒரு விவசாயி, குழாயடியில் வலது காலை மட்டும் பளபளவென்று கழுவிக்கொண்டு வந்திருந்தார். புதியவர் கை நீட்டியதோ இடது காலுக்கு. கணுக்கால் வரை செம்மண். அவர் வலதை நீட்டுகிறார், சாமியார் இடதை இழுக்கிறார், நாற்காலி பின்னால் சாய்கிறது. நான் பாய்ந்து பிடிக்காவிட்டால் அப்போஸ்தலர் மல்லாந்திருப்பார். கடைசியில் இடது கால்தான் கழுவப்பட்டது. அன்றைக்கு உண்மையாகவே கழுவப்பட்ட கால் அது ஒன்றுதான். அந்த மனிதருக்கோ அழுகையே வந்துவிட்டது.

"போன சாமி வலது கால்தானுங்க கேட்டாரு!"

பன்னிரண்டாவது நாற்காலி

எந்த நாற்காலி எந்தச் சீடருக்கு என்று வேதத்திலும் இல்லை, பூசைப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் எங்கள் ஊரில் முதல் நாற்காலி சீடர்களில் தலைவரான இராயப்பருக்கு, கடைசி நாற்காலி காட்டிக்கொடுத்த யூதாஸுக்கு என்று எப்படியோ முடிவாகிவிட்டது. முதல் நாற்காலிக்குச் சிபாரிசு வரும். கடைசி நாற்காலியைக் காட்டினால், கால் வலி, கை வலி, கொழுந்தியா வூட்டுல காதுகுத்து என்று நழுவுவார்கள். ஒருமுறை கெஞ்சிக் கூத்தாடி ஒருவரை உட்கார வைத்தேன். பாட்டு தொடங்கும் நேரத்தில் அவர் மனைவி வந்து, கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

"ஏற்கெனவே இந்தாள நம்பி ஒருத்தரும் கைமாத்து குடுக்கறதில்ல. இதுல யூதாஸ் வேறயா?"

வெளியே எட்டிப் பார்த்தேன். கோயிலுக்கு எதிரே கோவிந்தன் டீக்கடை. அவர் மனைவி எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார், மகன் ஓசூரில் கம்பெனி வேலை. கடைதான் அவருக்கு வீடு. ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னேன். இந்துவாயிற்றே, கோபித்துக்கொள்வாரோ என்று பயம் வேறு. அவர் அடுப்பை அணைத்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"தீர்த்தமலைக்கு நாமளே ஏறிப்போய்த் தலைய நனைக்கறோம். இங்க ஒருத்தர் எறங்கிவந்து காலக் கழுவறாருன்னா வேணாம்னா சொல்லுவாங்க?"

யூதாஸ் பிடித்த விரதம்

அன்றிலிருந்து எங்கள் நிரந்தர யூதாஸ் அவர்தான். எனக்கு நிம்மதி, ஊருக்குத்தான் தொந்தரவு. சும்மா உட்காரக் கூடாது என்று, பெரிய வியாழனுக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் முழுக்க விரதம் இருக்க ஆரம்பித்தார். கடையில் ஆம்லெட் நின்றது, முட்டை போண்டா நின்றது. எங்கள் ஆட்களோ வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை ஜெபம் முடித்த கையோடு அவர் கடைக்கு வந்து, முட்டை போண்டா எங்கே என்று அதட்டினார்கள். தவக்காலம் எங்களுக்கா உனக்கா என்று ஒருவர் சண்டைக்கே போனார். கோவிந்தன் டீயை ஆற்றிக்கொண்டே நிதானமாகச் சொன்னார்.

"உங்களையெல்லாம் மன்னிக்க ஆளிருக்குதுங்க. யூதாஸு நானு, பாத்துத்தான நடந்துக்கணும்?"

வேறு கால்

இந்த வருடம் கோவிந்தனுக்குச் சர்க்கரை முற்றி, வலது பாதத்தில் புண் வந்துவிட்டது. தினமும் கழுவி மருந்து வைத்துக் கட்ட வேண்டும், விட்டால் விரலோடு நிற்காது, பாதமே போய்விடும் என்று தர்மபுரி டாக்டர் சொல்லியிருந்தார். கோயில் காரியங்களை முடிவு செய்யும் பங்குப் பேரவைக் கூட்டத்தில் இன்னாசி வாத்தியார் எழுந்தார். ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர். பீடத்தில் ஒரு மெழுகுவத்தி மற்றதைவிட விரற்கடை குட்டையாக இருந்தால்கூடப் பூசை முடிந்து என்னை நிற்க வைத்துக் கேட்பவர். ஞானஸ்நானம் பெறாதவரை இத்தனை வருடம் உட்கார வைத்ததே தப்பு, இப்போது புண் வேறு, கூடாது என்றார். ஞானஸ்நானம் தலைக்குத்தானே, காலுக்கு இல்லையே என்று நான் கேட்டுப் பார்த்தேன்.

"சட்டம்னா சட்டம்தான். உபதேசியாரே, வேற காலைப் பாருங்க."

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. அதை மென்று விழுங்கிக்கொண்டு கடைக்குப் போய்ச் சொன்னேன். கோவிந்தன் வேட்டியை வெளுத்து, மடித்து, பெஞ்சின் மேல் தயாராக வைத்திருந்தார். முகம் சுருங்கிப்போனது.

"அந்தக் காட்டுக்காரருக்கு எடது கால்தானங்க கழுவுனாங்க? எனக்கும் எடது காலு நல்லாத்தானுங்க இருக்குது."

தாமதமாக வந்த யூதாஸ்

வியாழன் மாலை பதினோரு பேர் உட்கார்ந்தாயிற்று. கடைசி நாற்காலி காலி. பாடகர் குழு ஒரே பல்லவியை இழுத்துக்கொண்டிருக்க, சாமியார் சொம்பும் தாம்பாளமுமாக என்னை முறைத்தார். அப்போது பார்த்து, வாழ்நாளில் பூசைக்குத் தாமதமாக வராத இன்னாசி வாத்தியார், சட்டைக் கை இரண்டும் நனைந்து, மூச்சிரைக்க உள்ளே நுழைந்தார். இதைவிட்டால் வேறு நேரம் வாய்க்காது. அவர் தோளைப் பிடித்து யூதாஸ் நாற்காலியில் அழுத்தினேன். பீடத்தின் முன் சத்தம் போட முடியாதே, மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு காலை நீட்டினார். முத்தமிடக் குனிந்த சாமியார் மூக்கைச் சுளித்தார்.

"என்ன சார், உங்க மேல ஆஸ்பத்திரி வாசனை அடிக்குது?"

பாதிச் சடங்கு

பன்னிரண்டு பேருக்கும் ஆளுக்கு ஒரு ரொட்டி தருவது வழக்கம். வாத்தியார் தன் ரொட்டியை என் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார். மறுநாள் பெரிய வெள்ளி காலையில் அதைக் கோவிந்தனிடம் கொடுக்கலாமென்று கடைக்குப் பின்னால் போனேன். அங்கே வாத்தியார் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, பிளாஸ்டிக் பேசினில் கோவிந்தனின் வலது காலை வைத்துக் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீரில் சீழும் ரத்தமும். புண் வந்த நாளிலிருந்து தினமும் இதுதானாம். பாதம் தப்பித்துவிட்டது என்று டாக்டரும் சொல்லிவிட்டாராம். கூட்டத்தில் அப்படிப் பேசினீர்களே சார் என்றேன். அவர் தலை நிமிரவில்லை.

"அது வியாழக்கிழமை சாயந்திரத்துக்கு உண்டான சட்டம். மத்த நேரத்துக்கு யாரும் சட்டம் போடல."

கட்டுப்போட்டு முடித்து, கையைக் கழுவிக்கொண்டு வாத்தியார் கிளம்பினார். அவர் தெரு முனை திரும்பும்வரை காத்திருந்த கோவிந்தன், ரொட்டியைப் பிட்டு எனக்குப் பாதி நீட்டியபடி, மனக்குறையைச் சொன்னார்.

"வாத்தியாரு நல்லாத்தானுங்க கழுவறாரு. ஆனா சாமியாராட்டம் கடைசில முத்தம் மட்டும் குடுக்க மாட்டேங்கறாரு."

கழுவ வேண்டிய கால் எப்போதும் நாற்காலிக்கு வெளியேதான் இருக்கிறது என்று தெரிந்தும், அடுத்த பெரிய வியாழனுக்குப் பன்னிரண்டு நாற்காலியைத் துடைத்துப் போடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.